பாசி தின்னி

அரிப்பு அன்ரிக்குப் ‘பாசி தின்னி’ என்று பெயர் வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு நான் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். அவற்றில் அநேகம் எங்கள் வேலியைத் தாண்டவில்லை. இந்த ஒன்று மட்டும் சிலாவத்துறையில் புறப்பட்டு, பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, பஸ் ஏறி அவருடைய ஊரான அரிப்புக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் அவருடைய வீட்டைத் தேடி வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுகிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிறது.

சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முதலில் உம்மாவின் உரப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் புத்தளத்திலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் என்பது பெரியவர்களுடைய பேச்சு; யுத்தத்தில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். நான் பிறந்தது புத்தளத்தில்; அங்கே வாப்பாவும் உம்மாவும் கற்பிட்டிப் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்தார்கள். சிலாவத்துறைக்கு வந்த பிறகு வாப்பா இன்னொருவருடைய வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கினார். உம்மாவுக்குத்தான் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. தோட்டம் செய்யத் தண்ணீர் இல்லை. கிணறு தோண்டினால் உவர். குடிக்கிற தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் பவுசர் லொறியில் வரும். அதைப் பிளாஸ்ரிக் கான்களில் பிடித்து வைத்து, முகம் கழுவுகிறோமா குடிக்கிறோமா என்று உம்மா எங்களைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் பெண்களுக்குக் கடற்பாசி வளர்க்கப் பழக்கும் திட்டம் ஒன்று எங்கள் கரைக்கு வந்தது. எங்கள் ஊரில் நாலு பேர், அரிப்பில் மூன்று பேர், ஆக ஏழு பெண்கள். அரிப்புப் பெண்களில் மூத்தவர் ஏற்கெனவே வேறு கரையில் இந்த வேலையைப் பழகியவர் என்பதால் அவரையே தலைவி ஆக்கினார்கள். சட்டைக்கு மேலே ஆண்களின் நீளக்கைச் சேர்ட், தலையில் ஓலைத் தொப்பி, கழுத்தில் ஒரு சின்ன மாதா பதக்கம். பேசினால் பக்கத்து மீன் வாடிக்குக் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அவரை அரிப்பு அன்ரி என்று கூப்பிட்டோம்.

வாப்பாவுக்கு இந்த வேலை சிரிப்பாக இருந்தது.

“கடல்ல புல்லு தானா முளைக்குது. அதைக் கயித்தில கட்டி வளர்க்கிறதுக்கு ஏழு பேரோ? நாளைக்கு மீனையும் கட்டிப் போட்டு வளர்ப்பீங்க போல” என்றார்.

திட்டக் கூட்டம் நடந்த கட்டடத்தின் கதவில் ஏழு பேருடைய பெயரும் அடித்து ஒட்டியிருந்தார்கள். உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினார். அவருடைய பெயர் அச்சில் வருவது அதுதான் முதல்தடவை என்றில்லை. அகதி முகாமின் அட்டைகளில் வந்திருக்கிறது, நிவாரணப் பட்டியல்களில் வந்திருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் வாப்பாவின் பெயருக்குக் கீழே, இன்னாருடைய மனைவி என்று வந்தது. இங்கே தனியாக இருந்தது. உம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. என்னுடைய பெயர் பள்ளிக்கூட வரவு இடாப்பில் தினமும் தனியாகத்தான் இருந்தது.

அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. விதைப் பாசி ஒரே ஒரு தடவைதான் தருவார்கள். கட்டியது வளர்ந்தால் அதிலிருந்தே கிள்ளி அடுத்த முறைக்குக் கட்டிக்கொள்ள வேண்டும். வளராமல் போனால் பெயரை வெட்டிவிட்டு, கயிற்றையும் தடியையும் வரிசையில் நிற்கிற இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். உம்மா அதை ஒரு கிழமையாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். தொழுகைக்குப் பிறகு அவர் கேட்ட துஆவிலும் பாசி இருந்தது என்றே நினைக்கிறேன்.

விதை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லொறி வந்து சேரும்போது பகல் சாய்ந்துவிட்டது. கடல் பக்கமிருந்து கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்ததால் கடலுக்குள் இறங்க முடியாது, விடியக் காலையில் கட்டலாம் என்று முடிவானது. ஏழு பேருக்கும் ஏழு உரப்பைகள். உள்ளே பொலித்தீன் உறை போட்ட பைகள். நான் ஒன்றைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பச்சையும் மண்ணிறமும் கலந்து, கிளைகிளையாக, புது இஞ்சியைப் போலக் கொழுத்து இருந்தது. கரையில் ஒதுங்கி நாறிக் கிடக்கிற பாசிதான் எனக்குத் தெரியும். இதைப் பார்த்ததும் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

பைகளை அங்கிருந்த மீன் வாடிக்குள் வைத்தார்கள். அந்த வாடி காற்றுக்குப் பயந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஓலைக் கொட்டில். எந்தப் பை யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு துணித்துண்டு கட்டினார்கள். உம்மா தன்னுடைய பழைய பச்சை முக்காட்டில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினார். அன்ரி கடலில் வாளியைத் தோய்த்து வந்து எல்லாப் பைகளுக்கும் தெளித்தார்.

“வெயில் படக்கூடாது. காயவும் கூடாது. ஈரமா இருந்தாத்தான் விடிய உயிரோட இருக்கும்” என்று உரத்த குரலில் சொன்னார்.

எந்தத் தண்ணீரால் ஈரம் என்று அவர் சொல்லவில்லை. அதை ஏழு பெண்களும் பயிற்சியில் படித்திருந்தார்கள். நான் பயிற்சிக்குப் போகவில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய அறிவு இருந்தது. புத்தளத்தில் மிளகாய்க் கன்று பிடுங்கி வந்தால், அன்று நட முடியாவிட்டால், உம்மா அதை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைப்பார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, “தண்ணி தெளிச்சு விடு மகள்” என்பார். நான் தெளித்தால் விடியக் கன்று நிமிர்ந்து நிற்கும். உன் கை நல்ல கை என்று தோட்டக்காரரே சொல்லியிருக்கிறார். அந்தக் கை சிலாவத்துறைக்கு வந்தபின் ஏறக்குறைய இரண்டு வருடமாகச் சும்மா இருந்தது.

பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு, பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனதும், நான் எங்கள் வீட்டு நீலக் கானை எடுத்தேன். ஐந்து லீற்றர் பிடிக்கிற கான். பெரிய கானிலிருந்து பவுசர்த் தண்ணீரை அதில் ஊற்றி, கரைக்குச் சுமந்து போனேன். கடல் பத்தடியில் இருந்தது. அதை நான் திரும்பியும் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரை யாராவது கன்றுக்கு ஊற்றுவார்களா? உம்மாவின் பாசிக்கு வீட்டில் இருக்கிற மிக நல்ல தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பிஸ்மில்லாஹ் சொல்லி, பச்சைத் துணி கட்டிய பையின் வாயை அவிழ்த்து, அடி வரைக்கும் நனையும்படி ஊற்றினேன். ஒரு கான் போதாது போலிருந்தது. திரும்பிப் போய் இன்னொரு கான். பிறகு இன்னொன்று. மற்ற ஆறு பைகளுக்கும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே, அவரவர் பிள்ளை ஊற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

கை வலித்ததில் கானை வாடிக்குள்ளேயே மறந்துவிட்டு வந்தேன். வீட்டில் உம்மா பெரிய கானைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தண்ணி எங்க போனது?” என்று கேட்டார். தட்டுப்பட்டுக் கவிழ்ந்துவிட்டது என்று சொன்னேன். நல்ல காரியத்தை விடியும்வரை ரகசியமாக வைத்திருந்து, பாசி நிமிர்ந்து நிற்கும்போது சொல்லலாம் என்பது என் திட்டம்.

விடியக் காலையில் நானும் கூடப் போனேன். மற்றவர்கள் பைகளை அவிழ்த்துப் பாசியைச் சின்னச் சின்னக் கொத்தாக முறித்து, கயிற்றில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். உம்மா தன்னுடைய பையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சை வெளிறிப்போயிருந்தது. இஞ்சி போல இருந்ததெல்லாம் அவித்த வெண்டிக்காய் போலத் தொய்ந்துவிட்டது.

“யா அல்லாஹ்” என்று சொல்லி உம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் சுற்றி வந்தார்கள். ஒருவர் நோய் என்றார். ஒருவர் கண்ணூறு என்றார். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், “மத்தப் பையெல்லாம் நல்லா இருக்க, ஒண்டில மட்டும் எப்பிடி?” என்று கேட்டார். உம்மா யாரையும் பார்க்கவில்லை. கண்ணீர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. நான் உம்மா அழுது பார்த்ததில்லை. ஊரைவிட்டு வந்த கதையைச் சொல்லும்போதுகூட அவர் அழமாட்டார். நான் போய் வாடியின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் செய்த வேலை என்று எனக்குத் தெரியாது. என் நல்ல கையையும் மீறி இப்படி நடந்துவிட்டதே என்றுதான் அழுகை வந்தது.

அப்போதுதான் அன்ரி அதைச் செய்தார். உம்மாவின் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேசாமல் வாயில் போட்டு மென்றார். துப்பிவிட்டு, தன்னுடைய பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அதையும் மென்றார். நான் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் வீட்டில் நோன்பு திறக்கும்போது கடற்பாசி உண்டு. அது கடையில் வாங்கி, பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுகிறது. இப்படிக் காலையில், வெறும் வயிற்றில், பச்சையாக, அதுவும் ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது யாராவது தின்பார்களா?

அன்ரி மென்றுகொண்டே வாடிக்குள் பார்த்தார். அங்கே மூலையில் என் நீலக் கான் கிடந்தது. பிறகு தட்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வெயில்” என்றார். “பின்னேர வெயில் வாசலுக்குள்ளால விழுந்திருக்கு. தங்கச்சியின்ர பையை வாசலடியில வைச்சது நான்தானே. என்ர பிழை.”

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் ஊர்ப் பெண், அதுதான் ஒன்றில் மட்டும் எப்படி என்று கேட்டவர், மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“ஓம், வெயிலாத்தான் இருக்கும்” என்றார்.

“என்ர பிழைக்கு நான் தாறன். எழும்புங்கோ தங்கச்சி, வெயில் ஏற முதல் கட்டோணும்” என்று அன்ரி தன்னுடைய பையைக் கவிழ்த்துப் பாதியை உம்மாவின் முன்னால் தள்ளினார். மற்ற ஐந்து பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்து இரண்டு கையாலும் அள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர்ப் பெண் இரண்டு தடவை வைத்தார். உம்மா எழும்பி, முக்காட்டால் முகத்தைத் துடைத்து, கட்டத் தொடங்கினார். அன்றைக்கு எல்லோருடைய கயிற்றிலும் இடைவெளி ஒரு சாணைவிடக் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. அன்ரியின் கயிறுகளில் இரண்டு ஒன்றும் கட்டாமல் சும்மா கிடந்தன. கடலைக் கண்டால் பயப்படுகிற உம்மா, அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தடிகளில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார்.

பின்னேரம் அன்ரி பஸ்ஸுக்குப் போகிற வழியில் எங்கள் வேலிப் படலையில் நின்று என்னைக் கூப்பிட்டார். கையில் நீலக் கான்.

“இது உங்கட கான்தானே, பிள்ளை? வாடிக்குள்ள கிடந்தது. கொண்டுபோய் வையுங்கோ” என்றார். குரல் வழக்கத்துக்கு மாறாக மிகவும் மெதுவாக இருந்தது. அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பச்சைப் பாசி தின்றால் கட்டாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நான் அதை நடித்தே காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்வது, துப்புவது, போதாமல் இரண்டாவது துண்டை எடுப்பது எல்லாவற்றையும் செய்தேன். பெயரும் வைத்தேன். கிழமை முடிவதற்குள் கரையில் அன்ரியைக் கண்ட இடத்திலெல்லாம் பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. “ஓம், வாங்கோ, உங்களுக்கும் ஒரு கடி தாறன்” என்று கொத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவார். கூட்டத்தில் முன்னால் நின்று கத்துகிறது யார் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் துரத்திப் பிடித்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

பாசி வளர்ந்தது. நாற்பது நாற்பத்தைந்து நாளில் ஒவ்வொரு கொத்தும் இரண்டு கை கொள்ளாத அளவுக்குப் பெருத்தது. அதோடு ஒரு பிரச்சினையும் வந்தது. ஓரா மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து நுனிகளைக் கடிக்கத் தொடங்கின. உம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆட்டைத் துரத்துகிற மாதிரிச் சூ சூ என்று மீனைத் துரத்தினார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத வாப்பா, ஓரா என்ற சொல்லைக் கேட்டதும் வீச்சுவலையோடு வந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் ஓராச் சொதி.

“கடல்ல முதல் முதல் அடுப்பு மூட்டிறது பாசிதான் அண்ணை. வெயிலைக் குடிச்சு அது சமைக்குது. பிறகுதான் ஓரா வருது, ஓராவுக்குப் பின்னால பெரிய மீன் வருது, கடைசியா நீங்க சட்டியோட வாறீங்க” என்று அன்ரி வாப்பாவிடம் சொன்னார். வாப்பா அதற்குப் பிறகு புல்லு என்று சொல்லவில்லை. பல வருடம் கழித்து விஞ்ஞான ரீச்சர் இதையே கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியபோது, எனக்கு அது ஓராச் சொதியின் மணத்தோடுதான் விளங்கியது.

என் குற்றம் எனக்குத் தெரியவந்தது மாரிக்காலம் நெருங்கியபோது. மழை வருமுன் கயிறுகளை ஆழத்தில் இறக்க வேண்டும் என்று அன்ரி பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் கடலுக்கு மேலாகத்தான் நிற்கும், நல்ல தண்ணீர் பாசிக்கு நஞ்சு, ஓர் இரவு ஊறினால் போதும், கூழாகிவிடும் என்றார். நான் பக்கத்தில் இருந்து பாசி கட்டுகிற நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி கையிலிருந்து விழுந்தது. மெல்ல அன்ரியைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த முடிச்சு அவிழ வெகுநேரம் ஆனது.

அல்லாஹ்வுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். உம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நோன்பிலும் நினைப்பேன். பெருநாளோடு அது மறந்துவிடும். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் விட்டதும் கரைக்குப் போய் ஏழு பேருக்கும் நூல் வெட்டிக் கொடுத்தேன், காயப்போட்ட பாசியைக் கிளறிவிட்டேன், மழை இருட்டினால் முதல் ஆளாக ஓடிப்போய் மூடினேன். எனக்கு இந்த வேலையில் இருக்கிற ஆசையைப் பார்த்து எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் வளர்ந்து, இதையே படித்து, இப்போது அந்தக் குழுவுக்கு விதைப் பாசியைப் பார்த்து எடுக்கிற வேலையையும் செய்கிறேன். நன்றாகத் தப்பித்துவிட்டேன் என்ற ஒரு சின்னப் பெருமை இத்தனை வருடமும் உள்ளே இருந்தது.

போன வருடம் விதை ஏற்றிய லொறி ஒன்று வழியில் மழையில் அகப்பட்டு வந்தது. மேலே போட்டிருந்த படங்கு ஓரிடத்தில் கிழிந்திருந்தது. பைகள் எல்லாமே ஈரம். எது மழை ஈரம், எது கடல் ஈரம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் மாறவும் இன்னும் நேரம் ஆகவில்லை. பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உம்மா நூல் பந்தோடு உட்கார்ந்திருந்தார். இப்போது கடலுக்குள் இறங்காத அன்ரி, பார்க்க மட்டும் வந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். நான் கிழிசலுக்குக் கீழே இருந்த பையிலிருந்து ஒரு துண்டை முறித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யோசிக்கவும் இல்லை, கை தானாக வாய்க்குப் போனது.

நொறுக்கென்று உடைந்தது. உப்பே இல்லை.

துப்பிவிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தூரத்தில் இருந்த பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். அது கரித்தது. இரண்டாவது துண்டை மென்றுகொண்டிருக்கும்போதே என் தாடை நின்றுவிட்டது.

“அங்க பாருங்க, புதுப் பாசி தின்னி!” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

அன்ரி சிரிக்கவில்லை. என் ஒன்பது வயதில் ஓலைத் தட்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்த அதே பார்வையாகப் பார்த்தார்.

“உப்பில்லையோ, பிள்ளை?” என்று கேட்டார்.

“இல்லை அன்ரி” என்றேன். போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். உம்மா தலையைத் தூக்கவில்லை. நூலை வெட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் வெட்டிய நூல்கள் ஒன்றும் ஒரே அளவில் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே அந்தப் பழைய வாடி நின்றது. ஓலை மட்டும் பலமுறை மாறியிருக்கிறது, வாசல் மாறவில்லை. எங்கள் கரையில் கடல் மேற்கே. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற வாடிக்கு வாசல் கிழக்கே. பின்னேர வெயில் அதற்குள் ஒருநாளும் விழுந்ததில்லை, விழவும் முடியாது. அந்த ஏழு பெண்களும் அதைத் தினமும் பார்க்கிறவர்கள். அன்றைக்கு அது வெயில் என்று நம்பியது நான் ஒருத்தி மட்டும்தான்.